வெங்காயம் இல்லாத கடிதம்

பொந்தியான்
4 மார்ச் 2024

அன்புள்ள அங்கம்மாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய். இந்த யோகா இல்லத்தில் போனை வாசலிலேயே வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காகிதமும் பேனாவும். சரக்கு இறக்க இந்தப் பக்கம் வரும் நம் லாரிக்கார செல்வாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

பிரஷர் ஏறிப் பாசார்க் கடைகள் நடுவில் மயங்கி விழுந்த மனிதனுக்கு இங்கே தரும் சாப்பாட்டைக் கேள். காலையில் பாசிப்பயறுக் கஞ்சி, மதியம் கீரையும் பூசணியும், சாயங்காலம் பப்பாளி. எதிலும் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. கேட்டால், "அது மனச அலைய விடும்ணே" என்கிறார் யோகா ஆசிரியர் ரூபேந்திரன். யாரிடம் சொல்கிறார் பார்! குளுவாங்கில் பாதிப் பேருக்கு நம் மொத்தக் கடையிலிருந்து வெங்காயமும் பூண்டும் போடுகிறவன் நான். அப்படியானால் ஊரே என்னால்தான் அலைகிறதா?

பயிற்சி என்றால் ஓட்டம், பளு என்று நினைத்தேன். பூனை மாதிரி முதுகை வளைக்கிறோம். பிறகு பிணம் மாதிரி மல்லாந்து படுத்து மூச்சைக் கவனிக்கிறோம். என்னால் படுக்க முடியவில்லை. ரோட்டில் லாரி பிரேக் போட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

புதுச் சரக்கு வந்தால் சாக்கின் மேல்வாயைப் பார்த்து ஏமாறாதே. கையை நடுவில் விட்டுப் பார். சரக்குக்காரன் அழுகலை அங்கேதான் வைத்திருப்பான்.

அன்புடன்,
கமலநாதன்

குளுவாங்
7 மார்ச் 2024

ஷர்மினி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து நடுங்குகிறது. பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். கஞ்சி குடிக்கிறோமே, மாத்திரை எதற்கு என்று நீங்களாகவே முடிவு செய்துவிடுவீர்கள், உங்களைத் தெரியாதா?

சாக்கின் நடுவில் கை விட்டேன். அழுகல்தான். திருப்பி அனுப்பினேன். "அலமாக், அண்ணன் இல்லன்னு பாத்தா அக்கா அதுக்கு மேல இருக்கீங்களே லா!" என்றான் சரக்குக்காரன்.

உங்களுக்குத் துணையாக நானும் வெங்காயம், பூண்டு இல்லாமல்தான் சமைக்கிறேன். ரசம் ஒன்றும் அழுதுவிடவில்லை. சாயங்காலம் திடலைச் சுற்றி நடக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம் வருகிறது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

உங்கள்,
அங்கம்மா

பொந்தியான்
12 மார்ச் 2024

அன்புள்ள அங்கம்மாவுக்கு,

நல்ல செய்தி. இந்தச் சமையலறையில் வாங்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. பயற்றைச் சில்லறைக் கடையில் வாங்குகிறார்கள்! இனி நம் லாரியே இறக்கும் என்று சொல்லிவிட்டேன். ஆபீஸ் போனைக் கெஞ்சி வாங்கி இரண்டு தவுக்கே முதலாளிகளிடம் பேசியும் முடித்தேன். இன்னொன்று. வெங்காயம், பூண்டு சேராத மசாலாத்தூளைப் பாக்கெட்டில் போட்டால் எப்படி? இந்த யோசனை மூச்சுப் பயிற்சியில்தான் வந்தது. ஆக, பயிற்சி வேலை செய்கிறது!

"கண்ண மூடுனா என்னண்ணே தெரியுது?" என்று ரூபேந்திரன் கேட்டார். "கடதான் தம்பி, ஷட்டர் தொறந்தே கெடக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிரஷர் கொஞ்சம் இறங்கிவிட்டது. மாதம் முழுக்க இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அதிகம். வெள்ளிக்கிழமை செல்வாவின் லாரியில் ஏறி வந்துவிடுகிறேன். பூண்டு நிறையப் போட்டு மீன் குழம்பு வை.

கமலநாதன்

குளுவாங்
13 மார்ச் 2024

ஷர்மினி அப்பாவுக்கு,

செல்வா எல்லாம் சொல்லிவிட்டான், உங்களுக்கு ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்த வெங்காயச் சம்பால் உட்பட. அவனைத் திட்டாதீர்கள். நான்தான் உலுக்கிக் கேட்டேன்.

பாசாரில் நீங்கள் விழுந்தபோது உங்கள் தலை என் மடியில் இருந்தது. உங்களுக்கு நினைவிருக்காது. கண்ணைத் திறந்ததும் நீங்கள் கேட்டது, "சாக்கெல்லாம் எறக்கியாச்சா?" அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

தூக்கம் ஏன் வருகிறது என்று எழுதுவதாகச் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் படுத்திருந்தால் உங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன், எங்கே நின்றுவிடுமோ என்று. இப்போது அதைக் கேட்க அங்கே வேறு ஆள் இருக்கிறார்கள். என் கண் மூடுகிறது.

வெள்ளிக்கிழமை இப்படியே வந்தீர்களானால் நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஸ்கூடாயில் மகள் ஷர்மினியோடு இருந்துகொள்வேன். கோபமில்லை. இன்னொரு முறை அந்தத் தலையைத் தாங்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அங்கேயே இருப்பதானால் ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் கடையைப் பற்றி ஒரு வரி இருக்கக் கூடாது.

அங்கம்மா

பொந்தியான்
15 மார்ச் 2024, வெள்ளி

அன்புள்ள அங்கம்மாவுக்கு,

செல்வா வாசலில் இன்ஜினை ஓடவிட்டபடி நிற்கிறான். என் பெட்டி ஏறவில்லை. இந்தக் காகிதம் மட்டும்தான் ஏறுகிறது.

எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன். எதை ஆரம்பித்தாலும் பேனா அங்கேயே போய் நிற்கிறது. மேலே கோடு போட்டு அடித்திருக்கும் வரியைப் படிக்காதே.

காலையில் கடலோரம் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். சேறு, காற்று, ஒரு கொக்கு. பிறகு பாயில் படுத்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. ரூபேந்திரன் போர்வையை மடித்து அதன் மேல் வைத்தார். "ஆடட்டும்ணே, அத வெரட்டாதீங்க." கால் நிற்கவில்லை. ஆனால் ரோட்டில் லாரி போனபோது நான் எழுந்திருக்கவில்லை.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை என்று பேனாவை மூடப் போனேன். அப்போதுதான் தோன்றியது. சாப்பிட்டதும் நீ ஒரு மாத்திரை போடுவாயே, அது எதற்கு? திடலில் எந்தப் பக்கம் நடக்கிறாய்? யார் துணைக்கு வருகிறார்கள்? எழுது.

கமலநாதன்

குளுவாங்
18 மார்ச் 2024

அன்புள்ள உங்களுக்கு,

அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். பூண்டு மூட்டையை ஈரத்தில் வைக்காதே என்று இருந்தது. அடித்தீர்களே, அதுவே பெரிது.

மாத்திரை சர்க்கரைக்கு. ஷர்மினி கல்யாணத்திலிருந்து போடுகிறேன். நடப்பது ரயில் ஸ்டேஷன் பக்கம். துணைக்கு யாருமில்லை.

பெண்கள் பக்கத்தில் ஒரு பாய் காலியாக இருக்குமா என்று ரூபேந்திரனிடம் கேட்டு வையுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாதம் முடியும்வரை நானும் அங்கேயே இருப்பேன். அதுவரை கடையைச் சாத்தப் போகிறேன்.

இதைப் படித்ததும் உங்கள் கால் ஆடும். ஆடட்டும்.

அங்கம்மா