என் பெயரில் போன குழாய்

என் செல்லக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வழக்கமாக இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுவேன், இந்தத் தடவை டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் தாராளமாக நம்பலாம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகம்தானே. இனி சொல்லப் போவதைப் பாதியில் விட்டுவிட்டு போனைத் தூக்காதே, முழுசாகப் படி. அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி இருந்தது. ஏழு வாரத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் எங்கேயும் பரவவில்லை, கீமோ வேண்டாம், வருஷா வருஷம் வந்து காட்டினால் போதும் என்று நேற்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். விமானமே ஓடாத நேரத்தில் உன்னிடம் சொன்னால் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய், சொல்லவே கூடாது என்று அம்மாதான் என் வாயைக் கட்டிவிட்டாள். வீடியோவில் அவள் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது அதனால்தான்.

இது எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நீ இருக்கும் இடத்தில் எப்படியோ, இந்த நாட்டில் அறுபது தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சுகாதாரத் துறையிலிருந்து தபாலில் ஒரு சின்னக் குழாய் வரும், மூடியில் ஒரு குச்சி இருக்கும், அந்தக் குச்சியால் மலத்தைத் தொட்டுக் குழாயில் போட்டு அனுப்ப வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு வந்தது. அடுத்து அம்மா முறை, அதற்குள் குழாய் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸிலும் செத்த எலியிலும் கைவிட்டவன் நான், இந்தக் குச்சியைக் கண்டால் மட்டும் குமட்டியது. இன்றைக்கு நாளைக்கு என்று தட்டிக் கழித்தேன். அம்மா விடவில்லை. கடைசியில், நாம் இரண்டு பேரும் ஒரே சாப்பாடுதானே சாப்பிடுகிறோம், நீயே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இத்தனை வருஷமா உங்க வேலையெல்லாம் நான்தானே செய்யுறேன், இதையும் செஞ்சு தொலைக்கிறேன் என்று சொல்லிச் செய்தும் விட்டாள்.

பத்து நாள் கழித்து என் பெயரைச் சொல்லி ஒரு நர்ஸம்மா கூப்பிட்டார். ரத்தம் நிறைய இருக்கிறது, கேமராக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் கொரோனாவால் அந்த அறையே மூடிக் கிடக்கிறது, திறந்ததும் யாருக்கு ரத்தம் அதிகமோ அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவோம், நீங்கள் அந்த முதல் வரிசையில் இருக்கிறீர்கள் என்றார். நான் சரிம்மா சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அந்த ரத்தம் அவளுடையதல்லவா. உண்மையைச் சொன்னால் இடம் போய்விடுமோ, அவளை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து நர்ஸம்மாவிடம் சொல்லாமல் இரண்டு நாள் தள்ளினேன். விஷயத்தைக் கேட்ட அம்மாதான், அப்போ நான் மீசை வச்சுக்கிட்டுப் போகவா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. உடனே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நர்ஸம்மா, இப்பவாவது சொன்னீங்களே என்று சொல்லிவிட்டு அம்மாவின் பிறந்த தேதியைக் கேட்டார். அவரே ஏற்பாடு செய்து மறுநாளே அம்மா பெயரில் புதுக் குழாய் வந்தது, ரத்தம் அதே அளவு இருந்தது, அந்த இடத்தையே அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும். அறை திறந்ததும் முதல் ஆட்களில் ஒருத்தியாக அம்மா போனாள், கேமராவில் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் அன்று என்னை உள்ளே விடவில்லை, வண்டி நிறுத்தும் இடத்தில் மாஸ்க்கோடு ஆறு மணி நேரம் நின்றேன். நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னபோது வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், மாடிப்படி ஏறுகிறாள், என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். போன வியாழக்கிழமை அவள் பெயருக்கு ஒரு தபால் வந்தது. பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்க மறந்திருப்பார்கள். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்ற கடிதம், கூடவே அவளுக்கு வர வேண்டியிருந்த குழாய். பத்து மாதம் தாமதம். நான் ஒழுங்காக என் குழாயை நானே கொடுத்திருந்தால் அதில் ஒன்றும் இருந்திருக்காது, பிறகு நானே கொடுத்துப் பார்த்தேன், சுத்தம் என்று வந்துவிட்டது. அம்மா இந்தத் தபாலுக்காகக் காத்திருப்பாள். கட்டியும் அவளோடு பத்து மாதம் இருந்திருக்கும்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். உன் டாக்டரிடம் போய் அம்மாவுக்கு இப்படி வந்தது என்று சொல், பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். என்ன சோதனை சொன்னாலும் நீயே போய்க் கொடு, மாப்பிள்ளை தலையில் கட்டாதே. எங்களுக்கு ஒரு தடவை அதிர்ஷ்டம் அடித்துவிட்டது, அதை நம்பி இன்னொரு தடவை இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
அம்மாவை இன்னும் பக்கத்தில் வைத்திருக்கும்
உன் அப்பா