வெள்ளச்சி ஈன்ற அன்று சுபாஸ்ரீ கேட்டது

மார்க்கையன்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நாகஜோதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், பசு வெள்ளச்சியும் அவள் போட்ட கிடேரிக் கன்றும் எங்களைவிடச் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சுபாஸ்ரீயும் நலமா என்று போனில் கேட்டிருக்க வேண்டியது, பதினாறு நாளாக நீ எடுக்கவே இல்லை. எதிர்வீட்டு ஈஸ்வரபாண்டி லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறான் என்றதும் கடையில் ஒரு நோட்டு வாங்கிவந்து உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தபோது. எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்து நடவு முடிந்துவிட்டது. உன் அம்மாவின் முட்டிவலிக்குப் பழனிசெட்டிபட்டி டாக்டரிடம் காட்டினோம், மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லியனுப்பினார், மாடியே இல்லாத வீட்டுக்காரியிடம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், வலி மட்டும் போகவில்லை. மாத்திரையைப் போடச் சொன்னால் நாளைக்கு என்கிறாள். நீ பேசினால் கேட்பாள், நீதான் பேச மாட்டேன் என்கிறாயே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமை காலையில் சுபாஸ்ரீயோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளச்சிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. போனை நிறுத்தாமல் தீவனத் தொட்டி மேல் சாத்திவைத்துவிட்டு ஓடினேன், அதுதான் நான் செய்த தப்பு. சத்தியமாகக் காட்ட வேண்டும் என்று வைக்கவில்லை, அந்த நேரத்தில் போன் ஞாபகமே இல்லை. ஈனுகிற மாட்டின் மேல் யார் கண்ணும் படக் கூடாது என்று வாசலில் சாக்கைக் கட்டித் தொங்கவிடுகிற வீடு நம்முடையது, அன்றைக்கும் கட்டித்தான் இருந்தேன், மஸ்கட்டிலிருந்து ஒருத்தி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்கால் வந்து தலை வந்து கன்று வைக்கோலில் விழுந்த பிறகுதான் தொட்டிப் பக்கமிருந்து, “தாத்தா, அதுக்கு மூச்சு வருதா?” என்று ஒரு குரல். அது பயந்த குரல் இல்லை ஜோதி. நான் கன்றின் மூக்கைத் துடைத்துக் காட்டி, வருது ஆத்தா என்றேன். கைதட்டினாள்.

மத்தியானம் அவளே திரும்பக் கூப்பிட்டாள். அப்போது விழுந்த நஞ்சுக்கொடியை வைக்கோலோடு சாக்கில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். என்ன அது என்றாள். வயிற்றுக்குள் இருந்தபோது கன்றுக்குச் சாப்பாடு போன கொடி, நாய் இழுக்காமல் ஆலமரத்தில் கட்டிவிட்டால் மாடு நன்றாகப் பால் கறக்கும், நம் ஊரில் அப்படித்தான் என்றேன். “அப்ப என் கொடிய எந்த மரத்துல கட்டுனீங்க தாத்தா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ வந்துவிட்டாய். அசிங்கம் புடிச்ச பேச்சு என்று உன் சத்தம், அடுத்தாற்போல் ஓர் அறை, பிள்ளை அழுகிற சத்தம், போன் கட். சாயங்காலம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மாவுக்குத் தெரியாமல் மூன்று தடவை கேட்டேன். பச்சப்புள்ளைக்குக் காட்டுற காரியமாப்பா இது, இனிமே அவ கேட்டா சாமி குடுத்துச்சுன்னு சொல்லுங்க, அப்படிச் சொல்ல மாட்டீகன்னா அவகூடப் பேசவே வேணாம் என்கிறாய்.

போனை அங்கே வைத்தது தப்புத்தான், மன்னித்துவிடு. ஆனால் சாமி கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று எழுதத்தான் இந்த நோட்டு.

உனக்குப் பத்து வயதில் நம் பழைய கறவை மாட்டைச் சின்னமனூர் மாட்டாஸ்பத்திரிக்குச் சினை ஊசி போட ஓட்டிப்போனேன், நீயும் கூடவே நடந்து வந்தாய். திரும்பும்போது, மாட்டுக்குத்தான் காய்ச்சல் இல்லையே, எதுக்குப்பா ஊசி என்று கேட்டாய். ஊசி போட்டா கன்னு வரும், பேசாம வா என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். அதே மாதத்தில் பள்ளிக்கூடத்தில் உங்கள் வகுப்புக்குத் தடுப்பூசி போட வந்தார்கள். போட்ட உடனே நீ சுவரேறிக் குதித்து ஓடிவிட்டாய். ஊரே தேடியது, வாய்க்கால் ஓரத்து வாழைத்தோப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கும் புள்ள வந்துரும்ப்பா என்று அழுதாய். சுற்றி நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள். எனக்கு மானம் போனது மாதிரி இருந்தது, ஓங்கி அறைந்தேன். இதெல்லாம் பேசுற பேச்சா என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அடே சீனிச்சாமி, அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லையே, நீ சொன்னதைத்தானே திருப்பிச் சொன்னாள் என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. மாடு பருவத்துக்கு வந்தது, சினை நின்றது, கன்று குறுக்கே நிற்கிறது என்று சந்தை நடுவில் நின்று பேசுவேன், ஒரு கூச்சமும் கிடையாது. பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை.

அதற்கப்புறம் நீ வீட்டில் எதுவுமே கேட்கவில்லை. அடக்கமான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன், கிறுக்கன். மூன்று வருடம் கழித்து நீ பெரியவளானபோது, என்னமோ சீக்கு வந்துவிட்டது, சாகப் போகிறோம் என்று நினைத்து மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் பாவாடையை மறைத்து மறைத்துத் துவைத்திருக்கிறாய். அம்மாவே கண்டுபிடித்து, ஏன்டி சொல்லலை என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் தெரியுமா? “அப்பா அடிப்பாக” என்றாயாம். உன் அம்மா அதை அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டாள். இத்தனை வருடமாக அது உள்ளே கிடக்கிறது, உன் கல்யாணப் பந்தலில் நிற்கும்போதுகூட நினைத்தேன், சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை போனில் கேட்டது நான் அறைந்த அதே அறைதான் ஜோதி. நீ என்னிடமிருந்து படித்தது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் மேல்தான்.

நீ சுபாஸ்ரீயைப் பெற்றபோது நான் தேனி ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் நின்றேன், உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை உன்னைக் கேட்டதில்லை. அவள் கொடி என்னவானது என்பது உனக்குத்தான் தெரியும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல், ஒன்பது வயதுக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு. உனக்குச் சொல்ல வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல், அவள் பொறுத்துக்கொள்வாள், கேட்கத்தான் விடணும்.

ஈஸ்வரபாண்டியிடம் எள்ளுருண்டையும் அம்மா இடித்த பருப்புப் பொடியும் கொடுத்திருக்கிறேன், பொடியைச் சூடு ஆறாத சோற்றில் போட்டுக் கொடு. அங்கே வெயிலில் பிள்ளையை அலையவிடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வீரபாண்டி மாரியம்மா உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள். வெள்ளிக்கிழமை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேத்தி எது வேண்டுமானாலும் கேட்கட்டும். உனக்கும் கேட்காமல் விட்டது ஏதாவது இருந்தால் கேளம்மா, அப்பா அடிக்க மாட்டேன்.

உன் அப்பா,
சீனிச்சாமி