விட்லா மடாலயத்து வடக்குச் சுவரடியில் எனக்குள்ள இடம்

அனுப்புநர்:
எஃபி டர்ன்புல் (வயது 83),
ஆற்றோரத் தெரு, விட்லா, ஸ்காட்லாந்து.

பெறுநர்:
வட்டார அலுவலர் அவர்கள்,
பழஞ்சின்னங்கள் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: மடாலய வேலிக்குள் இருக்கும் என் கணவரின் கல்லறைக்கு வழிவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் வாட்டி, இடிந்த மடாலயத்தின் வடக்குச் சுவரடியில் புதைக்கப்பட்டிருக்கிறார். பக்கத்து இடம் எனக்குரியது, பத்திரம் இருக்கிறது. கல் விழும் என்று சொல்லி அங்கே வேலி போட்டு இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. மேட்டிலுள்ள புதிய இடுகாட்டில் எனக்கு இடம் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் இடம் கேட்கவில்லை.

2. எண்ணூறு ஆண்டு மழையும் காற்றும் சுவரைக் கெடுத்ததாக வேலியிலுள்ள பலகை சொல்கிறது. நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். ஆனால் இம்மடத்தைப் பற்றி ஊர் நூலகத்தில் உள்ள அனைத்தையும் படித்திருக்கிறேன். ஆங்கிலேயப் படை இருமுறை எரித்தது. துறவிகள் இருமுறையும் எடுத்துக் கட்டினார்கள். நாடு கத்தோலிக்கத்தை விட்டுச் சமயம் மாறியபோது துறவிகள் போனார்கள், கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடும் போனது. பிறகு எங்கள் ஊராரே கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். என் வீட்டுக் கணப்படுப்பின் மேற்கல்லும் அங்கிருந்து வந்ததுதான். இத்தனைக்கும் வடக்குச் சுவர் அசையவில்லை.

3. 1967இல் அதன் இடுக்குகளைச் சிமெண்டால் அடைக்க தங்கள் அலுவலகத்தின் அன்றைய மேற்பார்வையாளர் உத்தரவிட்டார். வாட்டி அங்கே கொத்தனார். இது மென்மையான மணற்கல், சுண்ணாம்புதான் ஆகும், சிமெண்ட் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கி உறைபனியில் கல் உதிரும் என்று சொன்னார். "நீ கரண்டியப் பிடி வாட்டி, யோசிக்கிறத நாங்க பாத்துக்குறோம்" என்று பதில் வந்தது. அவர் பூசினார். அன்று அவர் எழுதிய ஆட்சேபக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். 2009இல், இறப்பதற்கு முன் என்னிடம் சொன்னது: "நான் கெடுத்த சுவரு எஃபி. அதுகிட்டயே என்னப் போட்டுடு."

4. தங்கள் காவலர் திரு. லெய்ட்லா நல்ல மனிதர். தலைக்கவசம் போட்டுக்கொண்டு என் பூக்களை அவரே உள்ளே கொண்டுபோய் வைக்கிறார். போன மாதம் அவற்றை எலியட்டின் கல்லறையில் வைத்துவிட்டார். வாட்டி இருபது ஆண்டு பேசாதிருந்த ஆள் எலியட். வேலிக்கு வெளியே நின்று நான் கத்தியதற்கு, "சுவரு உதிர்ந்து எல்லாக் கல்லறையையும் ஒரே மாதிரி மூடிக் கெடக்கும்மா, பேரே தெரியல" என்றார். அவர்மேல் குற்றமில்லை.

5. ஆகவே, சிமெண்டைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு பூசும் வேலையை வரும் வசந்தத்தில் தொடங்க வேண்டும். அதுவரை ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் என்னை உள்ளே விட வேண்டும். கல் விழுந்தால் என் பொறுப்பென்று எந்தத் தாளிலும் கையெழுத்திடுகிறேன். பலகையில் மழையோடு சிமெண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

மறுப்பதானால் எழுத்தில் மறுக்கவும். அதற்குள் நான் இறந்தால், என்னை மேட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று மகளிடமும் பாதிரியாரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெட்டியை வேலியருகே இறக்கி வைப்பார்கள். பூட்டைத் திறக்கத் தாங்கள் நேரில் வரும்வரை அங்கேயே இருக்கும்.

இடம்: விட்லா
நாள்: 14.11.2023

இப்படிக்கு,
எஃபி டர்ன்புல்