தூங்காத அர்ச்சுனன்

மே 5, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. கிளினிக்கில் ஏ.சி. ரிப்பேர். பிசியோ சாருக்கு டேபிள் ஃபேன், உதவிக்கு நிற்கும் எனக்குக் கைக்குட்டை.

ஊரில் பாரதக் கூத்து ஆரம்பித்ததிலிருந்து என் வீட்டுக்காரர் ராத்திரி தூங்குவதே இல்லை. அர்ச்சுனன் வேஷம். விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிக்கொண்டு விழுப்புரம் வெல்டிங் பட்டறை. முதலாளி லீவு தரமாட்டார். இவரும் கேட்கமாட்டார். கேட்டால் கௌரவம் குறைந்துவிடும், பெரிய ஜமீன்.

இன்று காலை நின்ற இடத்திலேயே தள்ளாடினார். அப்புறம் குடத்தோடு வாசலில் தடுக்கி விழுந்தார். குடம் நசுங்கியது. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே சிரிப்பு. "காப்பு கட்டிக்கினே ஊத்திக்கினு வந்துட்டாரா?" ஒரு சொட்டு தொட்டதில்லை இந்த மனுஷன். அவளுக்கு என்ன தெரியும்.

வெள்ளிக்கிழமை அர்ச்சுனன் தபசு. பனை உயரக் கம்பம். உச்சியில் ஒரு பலகை. அதில் ஒற்றைக்காலில் நின்று பாட வேண்டும். பிள்ளை வரம் கேட்டு ஈரப்புடவையோடு கீழே காத்திருக்கும் பெண்களுக்கு எலுமிச்சம்பழம் வீச வேண்டும். தரையிலேயே நிற்க முடியாத ஆள்.

மே 6, புதன்

வாங்க வேண்டியது: சர்க்கரை, சோப்பு, குடம்.

பிசியோ சாரிடம் கேட்டேன். தூக்கம் கெட்டால் கண்ணும் காதும் காலும் சொல்வதை மூளை சேர்த்துப் புரிந்துகொள்ள நேரமாகுமாம். உடம்பு சாய்ந்த பிறகுதான் சாய்ந்ததே தெரியுமாம். நன்றாகத்தான் சொன்னார். கடைசியில், "ஒரு வாரம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா." ஆமாம், அரண்மனையில் படுக்க வைக்கிறேன்.

சாயங்காலம் இவரை நிற்க வைத்தேன். பாதம் சேர்த்து, கண்ணை மூடி. உடனே சாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா?"

"தரையில வர்ற ஆட்டம் மரத்துல வராது. அங்க அம்மன் பாத்துக்குவா."

மாமனார் பழைய அர்ச்சுனன். கட்டிலில் குந்தி மல்லாட்டைக் கடலை உரித்தபடி, "நான் எத்தினி வருசம் ஏறினேன். தூக்கமாம் தூக்கம்." திருவிழா சமயத்தில் பகலெல்லாம் தூங்கிவிட்டு ஏறியவர். அப்போது கழனி வேலை முழுக்க மாமியார் தலையில். இதை எல்லாம் சொல்லமாட்டார்.

மே 7, வியாழன்

பக்கத்து வீட்டு வாய் சும்மா இருக்குமா. விடிந்ததும் கோயில் தர்மகர்த்தா வந்துவிட்டார், இரண்டு அல்லக்கைகளோடு. "ஊது" என்றார். இவர் ஊதினார். மாறி மாறி மோந்து பார்த்தார்கள். இந்த ஊரின் வைத்திய அறிவு மூக்கோடு சரி.

"போடல. ஏறட்டும்."

"குடிக்கலிங்க. தூங்காம நிக்கவே முடியல அவரால. வேற யாரையாவது ஏத்துங்க," என்றேன்.

"தூக்கம் கெட்டதுக்கு காப்பு அவுப்பாங்களாம்மா? குடிச்சிருந்தா சொல்லு, இப்பவே அவுத்துடறேன். கிருஷ்ணன் வேசக்காரன் ரெடியா கீறான்."

அந்த ஆள் வேறு ஊர்களில் தபசு ஏறியவன். இங்கே பகலெல்லாம் கோயில் மண்டபத்தில் குறட்டை. அவனை ஏற்ற இவர்களுக்கு வலிக்கிறது.

அல்லக்கைகள் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மே 8, வெள்ளி

நேற்று வேலை முடிந்து திண்டிவனத்திலேயே ஒரு குவார்ட்டர் வாங்கிவிட்டேன். விழுப்புரத்தில் தெரிந்த முகம் இருக்கும். ஒயின்ஷாப் வரிசையே ஒதுங்கி வழிவிட்டது. குடிக்க வந்த யோக்கியர்கள் என்னைப் பார்த்து, "காலம் கெட்டுப்போச்சு."

இன்று நான் லீவு. பட்டறையில் கரண்ட் கட் என்று இவரும் சீக்கிரம் வந்துவிட்டார். மத்தியானம், வேஷம் கட்டக் கிளம்பும் முன் சுவரில் சாய்ந்து கண் சொருகிப் போனார். சட்டையில் ஊற்றினேன், துண்டில் ஊற்றினேன், வாயோரம் தடவினேன். அசையவில்லை. பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு நானே கோயிலுக்குப் போய்ச் சொன்னேன்.

இந்தத் தடவை ஊதச் சொல்லவே இல்லை. இவர் திடுக்கிட்டு எழுந்து நின்று தள்ளாடியதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. காப்பை அறுத்தார்கள். மாமனார் இவர் கன்னத்தில் ஒன்று வைத்தார். "குடிகாரப் பயலே." தூங்கவில்லை என்று கத்தினபோது ஒருவன் நம்பவில்லை. குடித்தான் என்றதும் ஊரே நம்பியது. தூ.

இனி எந்த வருஷமும் இவருக்கு அர்ச்சுனன் கிடையாது.

எல்லோரும் போன பிறகு கேட்டார். "நீயா ஊத்தின?"

"ஆமா."

திட்டுவார் என்று நின்றேன். சட்டையைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

மேளம் கேட்கிறது. கிருஷ்ணன் வேஷக்காரன் ஏற ஆரம்பித்திருப்பான். இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். எழுந்து என்னோடு பேசுவாரா, தெரியவில்லை. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். நாற்றம் போகவில்லை.