பக்கத்து சீட்டு பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

பிசியோ பெண் இன்று என் வலது கையைச் சுவரில் ஏற்றினாள். விரல்களால் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பல்லி மாதிரி மேலே போக வேண்டும். போன வாரம் சுவிட்ச் போர்டோடு நின்றுவிட்டேன். இன்று காலண்டர் ஆணி வரைக்கும் போனேன். இப்படியே போனால் கூடிய சீக்கிரம் கூரையில் இருப்பேன்.

முடிக்கிற நேரத்தில்தான் அது நடந்தது. கதவுக் கைப்பிடியில் கட்டியிருந்த ரப்பர் பட்டையைப் பின்னால் இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். சட்டைக்குள் வலது மார்பு துள்ளியது. பிரமை இல்லை, நல்ல துள்ளல். மறுபடி இழுத்தேன், மறுபடி துள்ளியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பயப்படாதீங்க. கேன்சர்னு எடுத்த மார்புக்குப் பதிலா, முதுகுத் தசையை எடுத்து முன்னால வச்சுத்தானே புதுசா செஞ்சிருக்காங்க. இடம் மாறினது அதுக்கு இன்னும் தெரியல. நீங்க இழுத்தா அது பழைய வேலையைப் பார்க்குது."

"எப்பத் தெரியும்?"

"சில பேருக்குத் தெரியவே தெரியாது."

அதையும் குறை சொல்ல முடியாது. காலமெல்லாம் ஒரே ஆபீசில் இருந்துவிட்டுத் திடீரென்று மாற்றல் வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 5, வியாழன்

இன்னொரு கண்டுபிடிப்பு. முன்னால் சொறிந்தால் முதுகில் சொறிந்த சுகம் கிடைக்கிறது. எட்டாத இடத்துக்காக இனி யாரையும் கெஞ்ச வேண்டாம்.

மார்ச் 9, திங்கள்

நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். ஓனர் எழுந்து நின்றார். இத்தனை வருஷத்தில் எனக்காக எழுந்ததே இல்லை. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இனிமே ஆபீஸ்லயே இருங்கம்மா. ஃபோன் எடுக்கலாம், புதுசா சேர்றவங்களைப் பதிவு பண்ணலாம். சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். நல்ல மனுஷனிடம் எப்படிப் போடுவது?

எனக்கு வண்டிதான் வேண்டும் என்றேன். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் ஹேண்ட்பிரேக்கை இழுப்பதும் நான்தானே, அதுவும் அந்த வலது கையால்தானே என்றார். 'கை' என்று சொல்லும்போது மார்பைப் பார்த்துவிடக் கூடாதே என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், கழுத்து வலித்திருக்கும்.

ரொம்ப நேரம் பேசியபின் இறங்கி வந்தார். டாக்டர் சரி சொல்ல வேண்டும். ஓனர் பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு நாள் பார்ப்பார். கற்றுக்கொள்கிற ஆளை நானே கூட்டிக்கொண்டு வர வேண்டும். "பணம் கட்டி வர்ற ஆளை வச்சு நான் பரீட்சை பண்ண மாட்டேன்மா."

திரும்பி டாக்சியில் வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. "காலுக்கு என்னம்மா?" என்று டிரைவர் கேட்டார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிற வண்டியில் நான் தூங்கியதே இல்லை. ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோதுகூட வளைவில் கால் அழுத்தியது. தள்ளியவர் "வேகமா போறேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் நான் நோயாளிதான். அந்த வெள்ளை வண்டியில், இரண்டாவது பிரேக் இருக்கிற சீட்டில் உட்கார்ந்தால்தான் நான் பழைய மேடம். அந்த சீட்டு எனக்கு வேண்டும். விட மாட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். அவள் அழ, நான் முதுகைத் தடவிக்கொடுக்க, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே குழப்பம் வந்திருக்கும்.

"அண்ணி... எப்படி இருக்கு அண்ணி... அது?"

"காட்டட்டுமா?"

திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள். நான் சட்டையை எல்லாம் கழற்றவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்து என் பக்கமாக ஒரு இழு இழுத்தேன். அது துள்ளியது. அழுத முகத்தோடு அப்படியே பார்த்தாள். "இன்னொரு தடவை பண்ணுங்க அண்ணி" என்றாள். சிரித்த சிரிப்பில் டீ முழுக்க மடியில்.

சத்தம் கேட்டு இவர் வந்தார். அறைக்கதவில் நின்றார், தரையைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

இவர் இன்னும் பார்க்கவில்லை. ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒரு தடவைகூட. கட்டுப் பிரித்த நாளில் ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டால், "உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு" என்கிறார். எனக்கா கூச்சம்? அந்த ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்காதவர்கள் இவரும் கேன்டீன்காரரும் மட்டும்தான்.

எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் வலிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 27, வெள்ளி

டாக்டர் கையைத் தூக்க, சுற்ற, தள்ளச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து வண்டியில் உட்காரலாம், வலித்தால் நிறுத்திவிட வேண்டும். அது போதும் எனக்கு.

பிறகு நிறம் பற்றிப் பேசினார். புது மார்பில் காம்பு இல்லை. வேண்டுமானால் பச்சை குத்துகிற மாதிரி நிறம் ஏற்றி அசல் போலவே செய்யலாமாம். ஒரு நிற அட்டையை நீட்டினார். நான் வாங்குவதற்குள் இவர் வாங்கிவிட்டார்.

இவர் வேலை பல்செட்டு செய்வது. லேபில் நாள் முழுக்க யாரோ ஒருவருடைய பல்லுக்கும் ஈறுக்கும் நிறம் சேர்த்துக்கொண்டிருப்பவர். அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதை வச்சு ஷேடு முடிவு பண்ணக் கூடாது டாக்டர். அச்சுல சிவப்பு தூக்கலா விழுந்திருக்கு. பகல் வெளிச்சத்துல, ஜன்னல் பக்கத்துல நிக்க வச்சு, இன்னொரு பக்கத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. காது இரண்டும் சிவந்துவிட்டன. அட்டையில்கூட இல்லாத சிவப்பு.

மார்ச் 28, சனி

லேபிலிருந்து ஈறு நிறங்களைக் கோத்த பட்டையை எடுத்து வந்தார். காலையில் ஜன்னல் பக்கம் நின்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். போதும், தேய்ந்துவிடும் என்றேன்.

முதலில் இடது பக்கம். பட்டையை அருகில் பிடித்து, ஒவ்வொன்றாக நகர்த்தி, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே பார்த்தார். அதற்குப் பிறகு வலது பக்கம். அங்கே முனகல் நின்றுவிட்டது.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சமே இல்லாதவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தையல் பிசிறே இல்ல. நல்ல கை" என்றார். தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பாராட்டுகிற குரல். "நாங்க ஒரு செட்டு செய்யணும்னா எல்லாத்தையும் வெளியில வாங்கணும். இது மொத்தமும் உன்னோடதுதானே."

"ஆமா. எல்லாம் வீட்டுச் சாமான்தான்."

சிரித்தார். பட்டையை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"பார்த்தா என் முகத்துல ஏதாவது தெரிஞ்சுருமோன்னு பயந்துட்டேன். தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு."

"இப்பப் பார்த்துட்டீங்களே. என்ன தெரியுது?"

"நாலாம் நம்பர்."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சிரித்தேன், பிறகு நன்றாக அழுதேன். சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

வண்டி கற்றுக்கொள்ள ஆள் தேடுகிறேன். கிடைக்கவில்லை. என்னிடம் இலவசமாகக் கற்றுக்கொள்கிறாயா என்று நாத்தனாரைக் கேட்டேன். "எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு அண்ணி" என்றாள்.

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்தபடியே, "நான் வரேன்" என்றார்.

கல்யாணமான புதிதிலிருந்து கூப்பிடுகிறேன். "நீ கத்துக்கொடுத்தா குடும்பம் உடைஞ்சிரும்" என்று தட்டிக்கழித்தவர். இப்போது மட்டும் என்னவாம்?

"கீமோ முடிஞ்சு வரும்போது, கண்ணைத் திறக்க முடியாம நீ டாக்சிக்காரனுக்கு வழி சொல்லிட்டு வந்தே. பக்கத்துல நான் பையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டேன்.

ஏப்ரல் 22, புதன்

இவர் ஸ்கூலில் சேர்ந்து, இன்னொரு மாஸ்டரிடம் அடிப்படை கற்றுக்கொள்கிறார். மாஸ்டர் என்னிடம் ஃபோனில் சொன்னது: "சார் ரொம்ப நிதானம் மேடம். சைக்கிளெல்லாம் முந்திட்டுப் போகுது."

மே 9, சனி

இன்று பரீட்சை. இவர் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், ஓனர் பின் சீட்டில். ஓனர் என் தோளைத் தட்டும்போதெல்லாம் நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்த வேண்டும். இவருக்கு அது தெரியாது.

முதல் தட்டு. கையை எடுத்தேன். லீவரைத் தொடுவதற்குள் இவர் பிரேக் போட்டுவிட்டார். சரி, தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது தட்டு, அதே கதை. மூன்றாவது தட்டிலும் நான் அசைந்ததும் வண்டி நின்றுவிட்டது. கிளட்சில் தடவுகிறவர், கியரைத் தேடுகிறவர், பிரேக்கில் மட்டும் புலியாக இருக்கிறார்.

ஓனர் இறங்கித் தலையைச் சொறிந்தார். "உங்க கையைப் பார்க்க வந்தேன்மா. சார் காலைத்தான் பார்த்தேன். அடுத்த வாரம் திரும்பப் பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். கை வருவது எப்படி முன்கூட்டியே தெரிகிறது?

"கை வர்றதுக்கு முன்னாடியே அது துள்ளி சொல்லிருதே."

"ரோட்டைப் பார்க்காம அதையா பார்த்துட்டு ஓட்டுனீங்க?"

"பார்க்கமாட்டேங்கிறேன்னு நீதானே குறைப்பட்டுக்கிட்டே."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சை போனது எரிச்சல்தான். ஆனால் திட்ட வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது.

மே 16, சனி

இவருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். தொளதொளவென்று இருந்தது, உள்ளே யானை துள்ளினாலும் வெளியே தெரியாது. "ரோட்டை மட்டும் பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஓனர் தட்டவே தேவைப்படவில்லை. கடைத்தெருவில் ஓரமாக நின்ற ஒரு வேனின் கதவு படாரென்று திறந்தது. இவர் பயந்துபோய் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். வண்டி பாய்ந்தது.

நான் யோசிக்கவில்லை. கால் என் பிரேக்கில், கை ஸ்டியரிங்கில், அப்புறம் ஹேண்ட்பிரேக்கில். இழுத்தேன். கதவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் இருந்தது. கோட்டுக்குள் அது துள்ளவில்லை, ஆட்டமே ஆடியது. தோள்பட்டையிலிருந்து விலா வரைக்கும் சுரீரென்று வலி. லீவரை நான் விடவில்லை.

கடைசியில் ஓனர்தான் சொன்னார். "கையை எடுங்கம்மா. வண்டி நின்னு நேரமாச்சு."

விரல்களைப் பிரித்தெடுக்கக் கொஞ்சம் பாடுபட்டேன். இவர் சாவியை நீட்டிவிட்டதால் ஓனரே வண்டியை ஓட்டி வந்தார். இறங்கும்போது, "திங்கக்கிழமை காலையில வந்துருங்க. லேட்டா வராதீங்க" என்றார். லேட் என்று பழையபடி அதட்டியதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. இந்தத் தடவை மின்விசிறி இல்லாததால் என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

மே 18, திங்கள்

வெள்ளை வண்டி. என் சீட்டை யாரோ பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 19, வெள்ளி

இவருக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது. இரண்டாவது முயற்சியில். முதல் முயற்சியைப் பற்றி எங்கேயும் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. டெஸ்ட் மைதானத்துக் கம்பம் பிழைத்தது, அது மட்டும் சொல்லலாம்.

நாலாம் நம்பர் நிறம் ஏற்ற அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். இவரும் கூட நிற்க வேண்டுமாம், ஷேடு தப்பிவிடுமாம்.

ஜூலை 14, செவ்வாய்

இன்று ஸ்கேன் முடிவு. நாத்தனார் வீட்டுக்காரரின் காரை இரவல் வாங்கி இவர்தான் ஓட்டினார். போகும் வழியெல்லாம் நான் ஓயவில்லை. கண்ணாடியைப் பாருங்க, இண்டிகேட்டர் போடுங்க, அந்த பஸ்ஸோட எதுக்குப் போட்டி. வாய் மூடினால் பயம் மேலே ஏறி வரும் போல இருந்தது. ஆமாம், பயந்தேன். இத்தனை கேலிக்கும் அடியில் அது இருந்துகொண்டேதான் இருந்தது.

டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அதற்கு "சரி" என்று மட்டும் சொன்னோம், கடையில் மிச்சக் காசு வாங்குகிறவர்கள் மாதிரி. வெளியே வந்து மாடிப்படி ஏறும் இடத்தில் கொஞ்ச நேரம் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வரும்போது, ரவுண்டானா வந்ததும் செகண்ட் கியருக்கு மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். "செகண்டு" என்று சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

அடுத்து ஞாபகம் இருப்பது எங்கள் வீட்டு கேட்டு. வண்டி நின்றிருந்தது. என்ஜின் ஓடவில்லை. இவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப வந்தோம்?"

"கொஞ்ச நேரம் ஆச்சு."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"நீ வண்டியில தூங்கி நான் பார்த்ததே இல்ல" என்றார்.

இறங்கலாம் என்று கீழே பார்த்தேன். செருப்பு இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. வலது காலை மடித்து சீட்டின் மேல் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.