சீர்த்தட்டுக்கு இருந்த சாட்சி

உடையார்பாளையத்தில் தனியாக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, புனேயிலிருந்து மலர்கொடி வணக்கத்துடன் எழுதுவது. மகளும் பேத்தியும் நானும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பயப்பட ஒன்றுமில்லை. புதன்கிழமை காலையில் வளர்மதியின் லேப்டாப் செத்தது போலக் கிடந்தது. அவளுடைய ஒரு மாத வேலை அதற்குள். மதியத்துக்குள் ஆபீசுக்கு அனுப்பியாக வேண்டும். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவைத் தயார் செய்து, இதில் செருகினால் எழுந்துவிடுமாம். வீட்டில் இருந்த ஒரே பென்டிரைவ் என் சுருக்குப்பையில் இருந்தது. ஜெயங்கொண்டத்துக் கல்யாண வீடியோ. நாம் வைத்த தாய்மாமன் சீரை உங்கள் அக்கா இடது கையால் வாங்கியதற்கு அதுதான் சாட்சி. நீங்கள் பதினொரு வருஷமாகப் பார்க்க மறுக்கிற வீடியோ.

"அம்மா, இதுல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்மா. யோசிச்சுக்க."

"ஒன் வேலைய விடவாடி அவ பெரிசு? அழிச்சுக்க."

லேப்டாப் எழுந்தது, வேலையும் போய்ச் சேர்ந்தது. "அத்தைக்குத்தாம்மா நன்றி சொல்லணும்" என்று சிரிக்கிறாள், உங்கள் மகள்.

நம் சேவல் கூவுவதைப் போனில் பிடித்து அனுப்புங்கள். இங்கே விடிவதே தெரிவதில்லை.

பேத்தி அழுகிறாள், முடிக்கிறேன். வழக்கு முடிந்தது என்று உங்கள் அக்கா நினைக்க வேண்டாம். அன்று மேடையில் என் பக்கத்தில் நின்றவர் நீங்கள். இனி எனக்கு இருக்கிற ஒரே சாட்சி நீங்கள்தான். வேளைக்குச் சாப்பிடுங்கள், மழையில் நனையாதீர்கள்.