பின்னால் வரும் காலடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகம்தான், தொடையில் நீலம் பாரித்த இடங்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால். உன் உடைந்த பல்லுக்கு மாற்றுப் பல் வைத்தாயிற்றா, முழங்காலில் தோல் மூடிவிட்டதா என்று எழுது. ஆஸ்பத்திரியில் ஊராருக்கெல்லாம் கட்டுப் போடுகிற எனக்குச் சொந்த மகளின் காயத்தைப் போனில் பார்க்கத்தான் கொடுத்து வைத்திருக்கிறது.

நெடுந்தூர ஓட்டப் பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டதாக முந்தின கடிதத்தில் எழுதியிருந்தாய். பின்னாலிருந்து வந்து முடியைப் பிடித்து உன் முகத்தைத் தார்ச்சாலையில் மோதினவன் ஜெயிலில் இருக்கிறான், ஆனாலும் முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டால் கால் மரத்துப்போகிறது, பந்தயத்தில் பின்னால் ஆயிரம் காலடி கேட்குமே என்கிறாய். நியாயம்தான். அவன் விரலைக் கடித்துத் துப்பினாய் என்று போலீஸ்காரர் சொன்னபோது உன் அப்பா அழுதார். நான் எந்த விரல் என்று கேட்டேன்.

அந்தக் கடிதத்தைப் படித்ததும் அப்பா இதெல்லாம் வெறும் மனப்பிரமை, நானே ஓடிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். மனப்பிரமைதானே என்று தன் லேத் பட்டறையிலிருந்து ஓர் இரும்புக் கம்பியையும் துணைக்கு எடுத்துக்கொண்டார். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதையில் சாயங்காலம் ஓடும்போது பின்னால் திடுதிடுவென்று யாரோ வர, திரும்பின வேகத்தில் ஒரே போடு. விழுந்தவர் தெருமுனை ரொட்டிக்கடைக்காரர், பாவம், தொந்தி கரைய ஓடுகிறவர். காது மடல் பிய்ந்து தொங்கியது. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் அப்பாவைக் கவிழ்த்துப்போட்டு மிதித்தார்கள். அவர்களை விலக்கிவிட்டவரும் ரொட்டிக்கடைக்காரர்தான், ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு. ரத்தம் சொட்டச் சொட்ட இரண்டு பேரும் என்னிடமே வந்து சேர்ந்தார்கள்.

கேஸெல்லாம் வேணாம்க்கா, ஆனா இவரை இப்படியே விட்டா நாளைக்கு இன்னொருத்தன் மண்டையைப் பொளப்பாரு, இனிமே அவர் முன்னாடி ஓடட்டும், அதே கம்பியோட நான் பின்னாடி வரேன், திரும்பிப் பார்த்தா ஒண்ணு விழும் என்றார் ரொட்டிக்கடைக்காரர். நானும் சம்மதித்தேன். நான் படித்த மருத்துவப் புத்தகங்களில் இப்படி ஒரு சிகிச்சை இல்லை, ஆனால் அவற்றை எழுதியவர்கள் யாரும் உன் அப்பாவோடு குடித்தனம் பண்ணியதில்லை.

காது ஆறியதும் ஆரம்பித்தார்கள். சொன்ன வாக்கை அந்த மனுஷன் மீறவில்லை. அடிக்கிறான்டி படுபாவி, மாவு பிசையற கையாச்சே என்று அப்பா நொண்டிக்கொண்டே வருவார், நான் ஒத்தடம் கொடுப்பேன், மறுநாள் மறுபடி போவார். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், அவ எழுந்து ஓடணும்னா நான் என்னத்தைச் சொல்லி எழுதறது, எனக்கே நடுங்குதே என்பார்.

போன வாரம் அடி வாங்காமல் வந்தார், முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது. விஷயம் இதுதான். பாதி வழியில் ரொட்டிக்கடைக்காரருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்குத் தெரியாது. பின்னால் முன்பின் தெரியாத ஒருவன் ஓடிவந்திருக்கிறான், காலடி நெருங்கி, மூச்சே பிடரியில் பட்டிருக்கிறது. அப்பா திரும்பவில்லை. அவன் தாண்டிப் போகும்போது கொஞ்சம் ஒதுங்குங்க பெரியவரே என்றானாம். பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ராத்திரிச் சாப்பாடு முழுக்க அந்தப் பெரியவரே என்ற பேச்சுதான். பயம் போயிற்றா என்று நானாகக் கேட்டேன். எங்கே போச்சு, கூடவேதான் ஓடிவருது, மூச்சு வாங்குற வாங்குல அதைக் கவனிக்க நேரமில்ல என்றார்.

உன் தோழி உனக்குப் பின்னால் ஓடுகிறேன் என்று சொல்லியும் நீ மறுத்துவிட்டதாக இந்தத் தடவை எழுதியிருக்கிறாய். அவளை ஓடவிடு. முதலில் தள்ளி வரட்டும், பிறகு நெருங்கட்டும். அழுகை வந்தால் அழுதுகொண்டே ஓடு, கெட்ட வார்த்தை வந்தால் வாய்விட்டுத் திட்டு, இங்கே யாருக்கும் கேட்காது. நாளைக்கே போய்ப் பந்தயத்துக்குப் பெயரைத் திரும்பக் கொடு. ஜெயித்து வா என்று வாழ்த்த மாட்டேன். ஊரே உன்னைத் தாண்டிப் போகட்டும், ஒருவன் கையும் உன்மேல் படாமல், நீ உன் காலாலேயே போய்ச் சேர வேண்டும், நூறு வயசு இருக்க வேண்டும்.

பந்தயத் தேதியை மட்டும் அப்பாவுக்குத் தனியாக எழுதிவிடாதே. உனக்குப் பின்னால் ஓட அங்கேயே வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா